மேம்பாலத்தில் நின்ற பிக்கப்

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வாசலில் இனிமேல் எனக்குக் கிரிக்கெட் ஆட இடம் உண்டு. அப்பாவின் பிக்கப்பைக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்கிறது!

சுமையோடு மேடு ஏறினால் நின்றுவிடும் சனியன், சர்வீஸ் சென்டரில் மட்டும் வாத்தியாரைக் கண்ட என்னைப் போல நல்ல பிள்ளை. "குறையே இல்லீங்க" என்றே ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்கள். அப்பாவை யாரும் சரக்கேற்றக் கூப்பிடுவதே நின்றுபோனது.

நேற்று கம்பெனி என்ஜினியர் மூட்டைகளோடு ஓட்டிப் பார்த்தார். நான்தான் வழிகாட்டி. மேம்பாலத்தின் நட்டநடுவில் நின்றது.

"இறங்கித் தள்ளு தம்பி!"

"குறையே இல்லாத வண்டிய எதுக்கு சார் தள்ளணும்?"

மாலையே ஒப்புக்கொண்டார்கள். எல்லாம் என் தந்திரம் என்று தெரு முழுக்க அளந்துவிட்டேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நான் முன்சீட்டில் போவதை நண்பர்கள் பார்க்கட்டுமென்று, மேடே இல்லாத கடைத்தெருவுக்குத்தான் வழி சொன்னேன். இடது வலது குழம்பி, வண்டி மேம்பாலத்தில் ஏறிவிட்டது.

உன் அறுந்தவால் தம்பி