லாரிக்குப் பின்னால் ஒரு வார்த்தை

நேற்றுக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் எனக்கு முன்னால் ஒரு தண்ணீர் டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. எந்தக் காலத்து வண்டியோ, நம்பர் பிளேட்டில் இன்னும் அந்தப் பழைய மூன்று இங்கிலீஷ் எழுத்துகள். டி, எம், ஒய். நான் கேட்காமலே என் வாய் 'டெஸ்டிமனி' என்றது. உடனே உங்கள்மேல் எரிச்சல் வந்தது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் என்னை வேலை வாங்குகிறீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நமக்குக் கல்யாணமானபோது அந்த நம்பர்கள் குறையத் தொடங்கியிருந்தன. புது வண்டிகளில் எல்லாம் டி.என். முப்பத்தெட்டு. "இதுல என்னங்க அம்மணி ருசி இருக்குது? எல்லா வண்டிக்கும் அதே ரெண்டெழுத்து" என்பீர்கள். பழைய லாரி கண்ணில் பட்டால் போதும், ஸ்கூட்டரை அதன் புகைக்குள்ளேயே ஓட்டுவீர்கள். பிளேட்டிலுள்ள மூன்று எழுத்தும் அதே வரிசையில் ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்குள் வரவேண்டும், நடுவில் வேறு எழுத்து எத்தனை வந்தாலும் சரி. யாருடைய வார்த்தை நீளமோ அவருக்கு ஜெயம். என் கல்யாணப் புடவைகளில் பாதி டீசல் வாசம் அடித்தது இதனால்தான்.

நான் பி.ஏ. இங்கிலீஷ். நீங்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு அண்ணனோடு லேத் பட்டறை நடத்தியவர். மோட்டார் கம்பெனிக் கையேடுகளில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு என்னோடு மோதினீர்கள். அதிலும் கள்ளாட்டம். டி, என், ஜி வந்த ஒரு நாள், "டிரான்ஸ்மிஷனுங்க" என்றீர்கள்.

"அதுல ஜி எங்கீங்க இருக்குது?"

"கடைசில 'ங்க' இருக்குதல்லங்க? நம்மூர்ல எந்த வார்த்தையச் சொன்னாலும் 'என்'னும் 'ஜி'யும் தானா வந்துருமுங்க அம்மணி."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. சிரித்தால் எதிலிருந்தும் தப்பித்துவிடலாம் என்று உங்களுக்கு அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

அந்த வருடக் கோடையில் எனக்குப் பள்ளிக்கூட வேலை வந்தது. பொள்ளாச்சி ரோட்டை ஒட்டிய ஒரு கிராமம், டவுன் பஸ்ஸில் போய் வரலாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். உங்கள் வீட்டில் மருமகள் வேலைக்குப் போன வழக்கமில்லை. உங்கள் அண்ணனும் அம்மாவும் என்ன சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கேட்கும்போதெல்லாம் பேச்சு எங்கோ போய் முட்டிக்கொண்டு நின்றது.

சனிக்கிழமை போத்தனூர் ரயில்வே கேட்டில் நின்றோம். கூட்ஸ் வண்டிக்காகக் கேட் சாத்தியிருந்தது. ஓடிப்போக வழியில்லாத இடம் என்று நினைத்து, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"ஏனுங்க, நான் போகட்டுங்களா, வேண்டாங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு..."

"அவரு சொல்றதை அவருகிட்டக் கேட்டுக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"முன்னால பாருங்க அம்மணி, பழைய லாரி."

"லாரி நாசமாப் போகட்டும்!"

பக்கத்தில் சைக்கிளில் வாழை இலைக்கட்டோடு நின்றவர் திரும்பிப் பார்த்தார். நீங்கள் திரும்பவில்லை. லாரியைப் பார்த்தபடியே, "பந்தயம் வெச்சுக்கலாமுங்களா?" என்றீர்கள். "நீங்க ஜெயிச்சா வேலைக்குப் போங்க. நான் ஜெயிச்சா அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

என் வாழ்க்கையை ஒரு லாரியின் பின்பக்கத்தில் தொங்கவிட்ட மனுஷனை என்ன செய்வது? உங்கள் முதுகும் அந்த இலைக்கட்டும் மறைத்ததில் எனக்குப் பிளேட் தெரியவில்லை. நீங்கள்தான் படித்தீர்கள். "டி, சி, என்." படித்த கையோடு, "டிராக்‌ஷன். எட்டெழுத்து" என்றீர்கள்.

"இன்டர்கான்டினென்டல்" என்றேன். உங்கள் முதுகில் விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி எண்ணினேன். பதினாறு. வலித்திருக்கும், வலிக்கட்டும் என்றுதான் குத்தினேன். கண்டம் தாண்டும் வார்த்தையைச் சொல்லி டவுன் பஸ் தூரத்து வேலையை வாங்கினேன்.

கேட் திறந்தது. லாரியை ஒட்டிக்கொண்டு தாண்டும்போது பிளேட்டைப் பார்த்தேன். டி, சி, எக்ஸ்.

"ஏனுங்க! அது 'என்' இல்லீங்க, 'எக்ஸு'ங்க!"

"அப்படீங்களா? வெயில்ல கண்ணு செரியாத் தெரியலீங்க."

அன்றைக்கு வானம் மூடிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் முன்னால் போய் நின்று, "பந்தயத்துல தோத்துப்போட்டனுங்ணா, சொன்ன சொல்லைக் காப்பாத்தோணுமல்லங்க" என்றீர்கள். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "பொண்டாட்டிகிட்டத் தோத்ததை ஊட்டுக்குள்ள வந்து தண்டோரா போடறயாடா? செரி, வாக்குக் குடுத்துப்போட்டே. போகட்டும்." மாதக்கணக்கில் பட்டறையில் உங்களை 'வாத்தியாரம்மா ஊட்டுக்காரர்' என்றே கூப்பிட்டார்கள். அதற்கும் சிரித்துக்கொண்டு லேத்தை ஓட்டினீர்கள்.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் உங்களை மெச்சுகிறார்கள். எவ்வளவு நாசூக்கான மனுஷர் என்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் போவது உங்களுக்குப் பிடித்திருந்ததா? இல்லை, வீட்டில் நச்சரிப்பு ஓய்ந்தால் போதும் என்று தோற்றீர்களா? எனக்கு வேண்டியிருந்தது ஒரு 'போ'. தமிழில் அது ஒரே எழுத்து. நம்ம ஊர் மரியாதைக்கு 'போங்க' என்றாலும் மூன்றுதான். அந்த மூன்றையும் பந்தயத்துக்குள் சுருட்டி வைத்தே கொடுத்தீர்கள்.

டி, சி, எக்ஸுக்கு வார்த்தை எனக்குப் பல வருடம் அகப்படவில்லை. ஒருநாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'ஆன்டிகிளைமாக்ஸ்'. மூன்றும் வரிசையாக அதில் இருந்தன. பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவந்து சொன்னேன். நீங்கள் தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"பத்தெழுத்து. எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க அம்மணி. சினிமாவுக்குப் போனா அதானே பேசிக்குவாங்க?"

ஊற்ற எடுத்த சாம்பார்க் கரண்டியோடு நின்றேன். தெரிந்தேதான் எழுத்தை மாற்றினீர்களா? இல்லை, இதிலும் தோற்க மனமில்லாமல் புளுகினீர்களா? திருப்பித் திருப்பிக் கேட்டேன். "ரசம் இருக்குதுங்களா?" என்றீர்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரியிலும் அப்படியே. "வலிக்குதுங்களா?" என்றேன். தலைக்கு மேலே தொங்கிய சலைன் பாட்டிலில் ஒட்டியிருந்த எழுத்துகளை மெதுவாகப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். எனக்கு அழவும் வரவில்லை. அந்த பாட்டிலைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை சொன்னேன். நீளமான வார்த்தைதான். நீங்கள் எதிர்வார்த்தை சொல்லவில்லை.

போன மாதம் நம் மகள் வந்து நின்றாள். ஹைதராபாத்தில் வேலை, தனியாகத் தங்கவேண்டும். "அம்மா, நான் ஒண்ணு கேக்கோணும், அந்த ஹைதராபாத்..." என்று ஆரம்பித்தாள்.

"போ" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "இன்னும் நான் கேக்கவே இல்லீங்மா. ஏன் தொரத்தறீங்க? நான் போறதுல உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லீங்களா?"

இருக்கிறது கண்ணு, இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் அவள் போகமாட்டாள். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன், ஏதாவது வண்டி நிற்கிறதா என்று.