முப்பது சுமலதா

என்னங்க,

குக்கரில் சாம்பார் இருக்கிறது. தளியிலிருந்து உங்கள் அக்கா பீன்ஸோடு வருகிறார்களாம். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கோபம் தீரவில்லை என்று தெரியும். முழுசாகக் கேளுங்கள். கம்பெனி பயிற்சி ஹாலுக்கு முப்பது லேப்டாப் வந்தன. அவசரத்தில் என் லேப்டாப்பை அப்படியே எல்லாவற்றிலும் நகலெடுத்துவிட்டேன். அதன் பெயர், அடையாள எண், நெட்வொர்க் முகவரி எதையும் முதலில் அழிக்கவில்லை. திறந்தால் முப்பதும் 'சுமலதா'! ஒன்றையொன்று நெட்வொர்க்கிலிருந்து தள்ளிவிடுகின்றன. முப்பதிலும் நம் கல்யாண போட்டோ வேறு. மேனேஜர், "ஏம்மா, உங்க வீட்டுக்காரரு ஏன் இப்படி பயந்து நிக்கறாரு?" என்றார். ஹாலே சிரித்தது.

அதைச் சொன்னதற்குத்தான், "என் மூஞ்சி என்ன கம்பெனி போஸ்டரா?" என்று சாப்பிடாமல் படுத்துவிட்டீர்கள்.

நேற்றே என் லேப்டாப்பில் பெயர், எண், போட்டோ எல்லாவற்றையும் அழித்து, சோதனைக்கு இரண்டில் மட்டும் மறுபடி நகலெடுக்கப் போட்டேன். முடிவதற்குள் கம்பெனி பஸ் கிளம்பியதால் அப்படியே விட்டு வந்துவிட்டேன். இதுவும் சொதப்பினால் என் வேலை நிரந்தரமாகாது. வேண்டிக்கொள்ளுங்கள்.

சுமா

பி.கு: இப்போதுதான் முதல் ஷிப்டிலிருந்து என்னோடு வேலை செய்யும் தினேஷ்குமார் போன் செய்தான். "அக்கா, ரெண்டும் தனித்தனி பேர்ல வந்துருச்சு! சண்டையே இல்ல!" ஐயோ, எனக்குக் கால் தரையில் இல்லை!

இன்னொன்று: நான் குதித்த குதியில் பாலைக் கவனிக்கவில்லை. பொங்கி அடுப்பெல்லாம் ஓடிவிட்டது. பஸ் ஹாரன் அடிக்கிறது, நீங்களே துடைத்துவிடுங்கள். கோபத்தோடு தேய்த்தால் கறை சீக்கிரம் போகும்.