ஒரே மூச்சில் கபடி

சிதம்பரம்
மே 2021

மாமாவுக்கு, பவானி வணக்கத்துடன் எழுதுவது. காடாம்புலியூரில் நீங்களும் நம் பாப்பாவும் சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் கபடி டீம் கேப்டன் சிலம்பரசன் அண்ணன் என் கொரோனா வார்டில்தான் இருக்கிறார். கவச உடையில் முகம் தெரியாது என்று நாங்கள் நெஞ்சில் பெயர் எழுதிக்கொள்வோம். அதைப் படித்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார்.

நேற்று ஒரே கூத்து. ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, "மூச்சு வந்துடுச்சு தங்கச்சி. பாடிக் காட்டறேன், வீட்டுக்கு அனுப்பிடு" என்று கபடி பாட ஆரம்பித்துவிட்டார். ஒரே மூச்சில் எதிர் டீமையே கலைத்துவிட்டு வருகிறவர், நாலு கபடியைத் தாண்டவில்லை. மாஸ்க்கை மாட்டித் திட்டினேன். "மச்சான் காதுக்குப் போவ வேணாம்" என்று கெஞ்சினார். ஐ.சி.யூ.வில் இடம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், கிடைக்கவில்லை. பக்கத்தில் நிற்கிறேன், அவ்வளவுதான்.

கையுறைக்குள் கை வெந்துகிடக்கிறது. இதைக் கொண்டுவரும் ஆம்புலன்ஸ் டிரைவரிடமே தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்புங்கள். பாப்பா போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றும், துவைக்காமல்.

டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். சாயங்காலம் போன் செய்து ஒரே மூச்சில் கபடி பாடுங்கள் மாமா. நான் பேச மாட்டேன், கேட்டுக்கொள்கிறேன். சீக்கிரம் நிறுத்திவிடாதீர்கள்.

பவானி