ஏழாம் குழியின் வளைவு

15 செப்டம்பர் 2025, திங்கள்

இன்று கோல்ஃப் கிளப்புக்கு விடுமுறை. புல்லுக்கு ஏது விடுமுறை? காலையில் மூன்றாம் குழிக்கும் ஐந்தாம் குழிக்கும் மணல் போட்டோம். மதியம் மேனேஜர் பரணிதரன் கூப்பிட்டார். வந்து ஆறு மாதம் ஆகிறது, இன்னும் ஈரப் புல்லில் கால் வைக்க யோசிக்கிற ஆள். கிளப்பின் இருபத்தைந்தாம் ஆண்டுக்காக வாசலில் ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். ஒன்பது குழிகளின் வரைபடம், கூடவே வரலாறு. ரொம்ப வருடமாக வேலை செய்கிறவள் நான்தானாம், எழுதித் தரச் சொன்னார்.

எழுதுகிறேன். தினமும் டைரி எழுதுகிற கைக்கு இது ஒரு வேலையா?

17 செப்டம்பர், புதன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். கிளப்பில் குழி என்றால் பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கொடி நட்ட பள்ளம் வரைக்குமான முழுப் புல்வெளி. ஒன்றாம் குழி நேர்கோடு, முன்பு வேர்க்கடலை போட்ட நிலம். மூன்றாவது ஏரிக்கரையை ஒட்டியது, மழைக்காலத்தில் பாதி தண்ணீரில் இருக்கும். நான்காவதில் ஆறு பனைமரம். பந்து பட்டால் அடித்தவரிடமே திரும்பி வரும்.

ஏழாவது மட்டும் இடப்பக்கம் வளைகிறது. ஏன் வளைகிறது என்றும் எழுதினேன். வலப்பக்கம் இருப்பது எங்கள் காலனிக்காரர்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதை. அதை அடைக்க டிராக்டர் வந்தபோது என் அம்மா பூவாயியும் முப்பது பெண்களும் மூன்று நாள் அந்தப் பாதையில் உட்கார்ந்தார்கள். வரைபடம் போட்டவர் வேறு வழியில்லாமல் குழியை வளைத்தார், பாதை ஓரமாக எல்லைக்கு வெள்ளை மர முளைகளை அடித்தார். பிறகு அதே பெண்கள்தான் கூலிக்குப் புல் நட்டார்கள்.

கடைசியாக எங்கள் வழக்கத்தையும் சேர்த்தேன். காலனிச் சனம் அந்த வழியாகக் கல்லறைக்குப் போனால் ஏழாம் குழியின் கொடியைப் பிடுங்கிப் புல்லில் படுக்க வைப்போம். அவர்கள் கடந்து போகும்வரை ஆட்டம் நிற்கும்.

26 செப்டம்பர், வெள்ளி

பலகையின் நகல் வந்தது. ‘ஏழாம் குழி: ஆட்டக்காரரின் திறமையைச் சோதிக்க வடிவமைப்பாளர் அமைத்த அழகிய வளைவு.’

மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்தது எங்கே போச்சு?

அதோடு முடியவில்லை. குழியை நேராக்கப் போகிறார்களாம். பாதையை அடைத்து கிளப்போடு சேர்த்துவிட்டு, காலனிக்காரர்களைப் பெரிய ரோடு சுற்றி மூன்று கிலோமீட்டர் போகச் சொல்வார்களாம். வெள்ளை முளைகளை நானே பிடுங்க வேண்டுமாம்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அப்பா அங்கேதான் இருக்கிறார். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. இந்தப் பாதை அளவு தூரம்தான் அவளால் நடக்க முடியும்.

முடியாது சார் என்றேன். வேலை போய்விடும் என்றார். போனா போவட்டும். இன்னா இப்போ?

27 செப்டம்பர், சனி

வெள்ளை பெயிண்ட் எடுத்து நாற்பது முளைகளுக்கும் புதிதாக அடித்தேன்.

4 அக்டோபர், சனி

வெளியாள் வைத்து முளைகளைப் பிடுங்கிவிட்டார்கள். என்னை இன்னும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. மழைக்கு முன்னால் வேறு யார் அந்தப் புல்லைப் பார்ப்பார்கள்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். “நம்மகிட்ட இன்னா பேப்பரு கீது?”

என்ன இருக்கிறது? பட்டா இல்லை, பத்திரம் இல்லை. ஆனால் அவள் ‘பேப்பரு’ என்றதும்தான் ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய ஸ்கோர் கார்டுகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு கார்டின் பின்னாலும் விதிகள் இருக்கும்.

5 அக்டோபர், ஞாயிறு

இருக்கிறது! இருபத்தைந்து வருடமும் ஒரே வரி. ‘ஏழாம் குழியின் வலப்பக்கப் பாதை மைதானத்தைச் சேர்ந்தது அல்ல. அங்கே விழும் பந்து அவுட். ஒரு அடி தண்டம்.’ கிளப்பே அச்சடித்து, கிளப்பே பெயர் போட்டது. ஸ்டோர் ரூமில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

12 அக்டோபர், ஞாயிறு

உறுப்பினர் கூட்டம். கார்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைசியில் நின்றேன். பாதை தொடக்கத்திலிருந்தே கிளப் நிலம்தான் என்று பரணிதரன் படம் போட்டு விளக்கினார். கை தூக்கினேன். ஊழியர்கள் பேசக் கூடாதாம். பேசினேன்.

முன்வரிசையில் திருநாவுக்கரசு சார். கல்பாக்கத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், கிளப்பின் மூத்த ஆட்டக்காரர். 2011 இறுதி ஆட்டத்தில் அவருடைய பந்து பாதையில் விழுந்தது. அவுட் கொடுத்தார்கள். அந்த ஒரு தண்ட அடி கூடியதால் கோப்பை போனது. அன்றைக்கு அந்தப் பந்தை எடுத்துக் கொடுத்தவளே நான்தான். அந்த வருடத்துக் கார்டை நேராக அவர் கையில் கொடுத்தேன்.

“பாதை கிளப்போடதுன்னா அன்னிக்கி உங்க பந்து அவுட் இல்ல சார். கோப்பைய இப்ப வாங்கிக்கிறீங்களா?”

அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு எழுந்து நின்றார்.

“அன்னைக்கு அவுட்னா இன்னைக்கும் அவுட்தான். எனக்கு அந்தக் கோப்பை வேண்டாம்.”

ஓட்டெடுப்பில் வளைவு அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. பலகைக்கும் நான் எழுதிக் கொடுத்ததையே போட வேண்டுமாம்.

13 அக்டோபர், திங்கள்

முளைகளைத் திரும்ப அடித்தேன். ஆபீஸ் வரைக்கும் சத்தம் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

2 நவம்பர், ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கிளப்பில் நல்ல கூட்டம். பாதையில் அதைவிடக் கூட்டம். சாமந்தி, மெழுகுவர்த்தி, தண்ணீர்க் குடம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பத்தடிக்கு ஒரு தரம் நின்றாள். கொடியை எடுக்க நான் முன்னால் ஓட வேண்டும், அவளை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று யோசித்துக்கொண்டே ஏழாம் குழிக்கு வந்தேன்.

கொடி ஏற்கெனவே புல்லில் படுத்திருந்தது. பக்கத்தில் பரணிதரன் ஈரப் புல்லில் நின்றார், என்னைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நான்கு ஆட்டக்காரர்கள் காத்திருந்தார்கள்.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு அந்த வளைவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு நாளு குந்தியிருக்கணும்டி,” என்றாள். “இன்னும் நல்லா வளைச்சிருப்பானுங்க.”