கம்பி இல்லாமல் நின்ற கூரை

என் செல்ல வாண்டுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலையைத் துவட்டாமல் குளிரில் ஓடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா நலம், நான் அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலம். ஏனென்று போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்டு என் கதையைக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மா காத்திருப்புக் கூடம் ஒன்றைக் கட்டித் தரச் சொன்னார் அல்லவா, அவர் மனதில் இருந்தது அரண்மனை மாதிரி ஒரு முகப்பு. அதாவது கான்கிரீட் பெட்டி ஒன்றைக் கட்டி, முன்னால் பிளாஸ்டர் தூண்களை ஒட்டிவிடுவது. நான் சொன்னேன், அந்தக் காலத்து ஆட்கள் சூடு மேலே ஏறிப் போகட்டும், மனிதர்கள் கீழே நிம்மதியாக உட்காரட்டும் என்றுதான் அவ்வளவு உயரமாகக் கட்டினார்கள், காப்பி அடிப்பதென்றால் ஒழுங்காக அடிப்போம் என்று. செங்கல்லாலேயே வளைந்த கூரை, அதைத் தாங்க இரண்டு பக்கமும் தடித்த சுவர், உச்சியில் காற்றுப்போக்கிகள், கூரையில் ஒரு கம்பிகூடக் கிடையாது. டாக்டரம்மா வரைபடத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "விழாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

தொழிலில் என் கூட்டாளியான உன் மாமாதான் தூங்கவில்லை. "அக்கா, இத்தன வருஷமா சேத்த பேரு, ஒரு கல்லு நழுவினா போச்சு, பேசாம கான்கிரீட்டே போட்டுடலாம்" என்று தினமும் புலம்பல். அப்பா தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "விழுந்தாலும் ஆஸ்பத்திரி பக்கத்துலதான இருக்கு" என்றார். அன்று அவருக்குக் காப்பி கிடைக்கவில்லை. கணக்கை இன்னொரு இன்ஜினியரிடமும் காட்டி, அவர் சரி என்ற பிறகும் நான் ராத்திரி எழுந்து மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தேன்.

போன மாதம் அடியில் கொடுத்திருந்த மர முட்டுகளை இறக்கினோம். ஆப்புகளை மெல்ல மெல்லத் தளர்த்தச் சொன்னேன். திடீரென்று "டக்" என்று ஒரு சத்தம், மேலிருந்து மண் உதிர்ந்தது, எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்கள், என் கால் மட்டும் நகரவில்லை. பார்த்தால் கூரை ஒரு நூல் அளவு கீழே இறங்கித் தன் எடையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றது! அளந்து பார்த்துவிட்டு மிச்சத்தையும் எடுத்தோம். முதலில் உள்ளே போனது யார் தெரியுமா, உன் மாமா. ஹெல்மெட்டோடு நடுவில் போய் நின்று, "அக்கா, அசையல அக்கா!" என்று கத்தினான், கூடமே திரும்பக் கத்தியது. பிறகு கட்டிப்பிடித்து அழுதுவிட்டான், நான் என் கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கூடம் திறந்தாயிற்று. ஒரே ஒரு குறை, யாரோ ஒரு வருங்கால அப்பா குறட்டை விட்டால் மூலைமூலைக்குக் கேட்கிறது, கனமான துணித் திரைகள் தைக்கக் கொடுத்திருக்கிறேன். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே மின்விசிறியை அணைக்கச் சொன்னாளாம் ஒரு கர்ப்பிணிப் பெண். டாக்டரம்மா அதைச் சொல்லும்போது அவர் குரலில் அந்தக் கூடத்தைத் தானே கட்டிய பெருமை, இருக்கட்டும், பரவாயில்லை.

நீ வரவேற்பறையில் டிவிக்கு இரண்டு பக்கமும் தூண் ஒட்டப் போவதாக எழுதியிருந்தாய். ஆசைப்பட்டால் வை, ஆனால் சும்மா நிற்க விடாதே, ஒரு புத்தக அலமாரியையாவது தாங்கட்டும். சளி இருந்தால் டாக்டரைப் பார், மாமாவுக்கு ஒரு போன் போட்டு இந்தக் கதையை முதல் தடவை கேட்பதுபோல் கேள். நீயும் உன் வீடும் உறுதியாக, நிறைவாக இருக்க அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். பள்ளிக்கூடத்துக்காரர்கள் நூலகத்துக்கு இதே கூரை வேண்டுமென்று நேற்று வந்தார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சம்மதம் சொல்லிவிட்டான்.

தலைகால் புரியாத மகிழ்ச்சியுடன்,
உன் அம்மா