உம்மா சொன்னது அவைக்குறிப்பில் இருக்கட்டும்

என் அருமை வாப்பா,

உங்களைச் சவூதியிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பெட்டி மட்டும் போன வாரம் அதிராம்பட்டினம் வந்தது. கைலிகளுக்கு நடுவில், நாங்கள் கடைசியாகப் பேசி அனுப்பிய கேசட். அதைப் பார்த்ததிலிருந்து உம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரில் இருந்தபோது பேப்பரில் சட்டசபைச் செய்தியைத்தான் முதலில் படிப்பீர்கள். அங்கே யாரையும் 'பொய் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, சொன்னால் சபாநாயகர் அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார் என்றீர்கள். அன்றிலிருந்து நம் வீடும் சட்டசபை.

"மீன்காரன் சொல்றது பொய். இது நேத்து மீனு" என்பார் உம்மா.

"உறுப்பினர் 'உண்மைக்கு மாறானது'ன்னு திருத்திச் சொல்லணும்" என்பீர்கள் நீங்கள்.

"உங்க சபையில மீன் ஆயுறதுக்கு ஆள் இருக்கா?"

நான்தான் பேசாத உறுப்பினர். எட்டாவதோடு என் பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோதும் பேசவில்லை. சவூதிக்குப் போகும்போது டேப் ரெக்கார்டரை என்னிடம் கொடுத்து, "இனி நீதாம்மா சபாநாயகர்" என்றீர்கள்.

கடைசி கேசட்டில் உம்மாவின் குரல் உடைந்தது. "பெருநாளுக்கு வர்றேன், பெருநாளுக்கு வர்றேன்னு மூணு வருஷமா பொய்! நீங்க பொய்யர்!" அப்புறம் அழுதுகொண்டே, "ஒண்ணும் வேணாம். கஞ்சியோ கூழோ சேர்ந்து குடிப்போம். வந்துடுங்க."

அன்று மத்தியானம் உம்மா கண்ணயர்ந்ததும், நாடாவைப் பின்னால் ஓட்டி, சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். 'பொய்' மறைந்து ஃபேன் சத்தம் பதிவானது. எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை வாப்பா. 'வந்துடுங்க'வும் அழிந்துவிட்டது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

நேற்று உம்மா கேட்டார்: "நான் திட்டினதக் கேட்டுட்டுத்தான் மவுத்தானாங்களா?"

நான் வாய் திறக்கவில்லை. திட்டியதை நீங்கள் கேட்கவில்லை என்றால், அழைத்ததையும் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டுமே.

கேசட்டை ஓடவிட்டுக் கேட்கிறேன். ஃபேன் சத்தம் கடல்காற்றுபோல வந்து வந்து போகிறது. அந்த இடத்தில் மட்டும் நாடா கசங்கியிருக்கிறது. அங்கேயே திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டீர்களா? அந்த மௌனத்தில் உங்களுக்கு என்ன கேட்டது?

தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது வாப்பா. இனி யாரும் கேசட் அனுப்ப மாட்டார்களாம். போனில் சொன்னதை யாராலும் அழிக்க முடியாது.

இன்று அஸர் தொழுகை முடிந்ததும் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். உம்மா என்னைத் திட்டினால் திட்டட்டும். ஒரு சொல்லையும் நீக்க மாட்டேன்.

உம்மா 'வந்துடுங்க' என்றுதான் முடித்தார், வாப்பா.

உங்கள் சபையில் இன்று முதல்முறையாகப் பேசப்போகும்
மூத்த மகள் ஜமீலா