நாணல் செத்த காரணம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. நாணல் குளம் ஏன் செத்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ கொல்லவில்லை. போனில் சொன்னால் "சரி மாமா, வேலை இருக்கு" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் காகிதம். முழுசாகப் படி.

ஆஸ்பத்திரிக் கழிவுநீரைச் சுத்தம் பண்ணுவதற்காக இந்த வருடம் குளத்தில் மறுபடி நாணல் நட்டார்கள். மிஞ்சிய நாற்றைக் குப்பையில் போட மனசு வராமல் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளில் சேறு நிரப்பி பம்ப் அறை வாசலில் வைத்தேன். மோட்டார் ஓட்டுகிறவனுக்கு இது எதற்கு என்று உன் அக்காவுக்குச் சிரிப்பு. ஆள் உயரத்துக்கு வளர்ந்து கதவையே மறைத்துக்கொண்டது. போன மாதம் இரண்டு தொட்டியிலும் சேற்றுக்கு மேல் நாலு விரல் உயரம் கட்டை விட்டு வெட்டினேன். ஒரு தொட்டியில் விரிசல் இருந்ததால் தண்ணீர் கசிந்து சேறு மட்டும் ஈரமாக இருந்தது. இன்னொன்றில் தண்ணீர் தளும்பத் தளும்ப நின்றது, வெட்டிய கட்டை முழுக்க உள்ளே.

எது பிழைக்கும் என்று யாரைக் கேட்டாலும் தண்ணீர் நிறைந்ததைத்தானே சொல்வார்கள்? பத்து நாளில் ஓட்டைத் தொட்டி தளதளவென்று துளிர்த்துவிட்டது. நிறைந்த தொட்டியில் அழுகின முட்டை நாற்றம். அந்த நாற்றம் உனக்குத் தெரியும் மாப்பிள்ளை. எனக்கும் தெரியும்.

இரண்டையும் பிடுங்கிக் கழுவினேன். துளிர்த்ததன் வேரெல்லாம் பழைய ஆணி மாதிரி துருவேறிய நிறம். செத்ததன் வேர் கன்னங்கரேல், தொட்டால் தோல் கழன்று வருகிறது. நல்ல வேரை பிளேடால் குறுக்கே நறுக்கினால் உள்ளே ஓட்டை ஓட்டையாகப் பஞ்சு போல இருக்கிறது. வேலியோரச் செடியின் வேரையும் நறுக்கிப் பார்த்தேன், அது கெட்டி. சந்தேகம் தீரவில்லை. சேற்றுக்குள் படர்கிற அடித்தண்டோடு சேர்ந்த ஒரு காய்ந்த நாணல் இருந்தது. அடித்தண்டின் நுனியை நறுக்கி பக்கெட் தண்ணீரில் அமுக்கிவிட்டு, நாணலின் மேல் முனையில் வாய் வைத்து ஊதினேன். கீழே குமிழி குமிழியாக வந்தது பார், இந்த வயதில் கை தட்டிவிட்டேன்.

அந்தக் கோலத்தில் லேப் அம்மா பார்த்துவிட்டார். "ரத்தம் பாக்குற இடத்துக்குச் சேத்தைக் கொண்டு வர்றீங்களே" என்று முணுமுணுத்துக்கொண்டே வேர்த்துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பிறகு மைக்ராஸ்கோப்பை விட்டு அவர்தான் நகரவில்லை. சேற்றுக்குள் காற்றே கிடையாதாம். இலையும் தண்டும் மேலே வாங்குகிற காற்று அந்த ஓட்டைகள் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறதாம். வேரிலிருந்து கொஞ்சம் சேற்றுக்குள்ளும் கசியுமாம், அந்தக் காற்று பட்டுச் சேற்றிலுள்ள இரும்பு துருப்பிடித்துத்தான் வேருக்கு அந்த நிறமாம். காய்ந்த தண்டுகூடக் குழாய் வேலை பார்க்குமாம். "மூக்கைப் புடிச்சுத் தண்ணிக்குள்ள அமுக்குனா செடி மட்டும் எப்படிப் பொழைக்கும்" என்றார். நான் விடவில்லை. ஆறு பக்கெட்டில் மறுபடி செய்து பார்த்தேன். எல்லாவற்றிலும் தண்ணீருக்கு அடியில் வெட்டினேன். மூன்றில் மட்டும் இலையே இல்லாத ஒரே ஒரு காய்ந்த குச்சியை வெளியே நீட்டிக்கொண்டிருக்க விட்டேன். அந்த மூன்றும் துளிர்த்துவிட்டன. மற்ற மூன்றும் கறுத்துவிட்டன.

இதுவரைக்கும் குதித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல்தான் கை வரமாட்டேன் என்கிறது.

போன வருடம் நீ மஞ்சள் காமாலையில் கிடந்த இரண்டு வாரத்தில் மேலிடத்திலிருந்து பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. குளம் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்றார் எஞ்சினியர். குளம் உன் பொறுப்பில் இருந்தவரை நீ எப்போதும் முழங்கால் உயரம் விட்டு வெட்டி, காய்ந்ததை அப்படியே நிற்க விடுவாய். அதை உன் சோம்பேறித்தனம் என்று நான் எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன். வெட்டுகிறவர்களை அடியோடு ஒட்ட வெட்டச் சொன்னது நான். கட்டை தெரியக் கூடாது என்று வால்வைத் திறந்து ஒரு சாண் தண்ணீர் ஏற்றியதும் நான்தான். தண்ணீர் ஏற்றினால் குறிக்க வேண்டிய பம்ப் அறை நோட்டில் அதை எழுதவில்லை. எஞ்சினியர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

நீ திரும்பி வந்தபோது குளம் கறுத்து, நாற்றம் வார்டு வரைக்கும் போயிருந்தது. குளத்துக்கென்று நீ கையெழுத்துப் போட்டு வாங்கின டிரம் மருந்துதான் நாணலைக் கொன்றது என்று முடிவு கட்டினார்கள். வெட்டினால் சாகும் என்று அப்போது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. ஆனால் நீ என்னிடம், "மாமா, தண்ணி ஏதும் ஏத்துனீங்களா?" என்று கேட்டாய். நான் இல்லை என்றேன். நோட்டில் எழுதாதது தெரிந்துவிடுமே என்று பயந்து சொன்ன பொய். நீ என்னை நம்பி அடுத்த கேள்வி கேட்கவில்லை. உன்னை அவ்வளவு தூரத்து ஊருக்கு மாற்றல் போட வைத்தது அந்த ஒரு சொல்தான்.

உன் அக்காவிடம் முதலில் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. "எழுதிக் குடுத்துட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள், அவ்வளவுதான். அப்படியே இரண்டு வேரையும் அந்தக் காய்ந்த நாணலையும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு எஞ்சினியர் அறைக்குப் போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். அவர் மேஜை மேலேயே ஒரு டம்ளர் தண்ணீரில் குமிழி விட்டுக் காட்டினேன். வால்வு, நோட்டு, பொய் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வரும் பதினான்காம் தேதி மறு விசாரணை. நீயும் வர வேண்டும் என்று தனியாகக் கடிதம் அனுப்புவார்கள். என் வேலை என்னாகும் என்று யோசித்துக்கொண்டு வராமல் இருந்துவிடாதே. மோட்டார் எங்கேயும் ஓடும், நான் எங்கேயாவது ஓட்டிக்கொள்வேன்.

வேளைக்குச் சாப்பிடு, காமாலை வந்த உடம்பு. நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வந்ததும் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு "பரவால்ல மாமா" என்று சொல்லிவிடாதே. உட்கார்ந்து, நிதானமாக, உன் ஆத்திரம் தீருமட்டும் என்னைத் திட்டு. உன் அக்கா இன்னும் ஆரம்பிக்கவில்லை. நீ வருவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்